உன் தாத்தாவுக்கு மீசை கிடையாது

கதிர்,

சௌக்கியமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு இப்போது பொறுமை இல்லை. சௌக்கியமாகத்தான் இருப்பாய். அம்மா கூப்பிடக் கூப்பிட போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிற தெம்பு இருக்கிறதே, அது போதும். தாத்தாவின் சிலைத் திறப்பு விழா முடிந்த அன்று சாயங்காலம் பெங்களூரிலிருந்து நீயாகத்தான் கூப்பிட்டாய். "ஏம்மா, உனக்கு வேற நேரமே கெடைக்கலியா? தை பொறந்தா கல்யாணம். பொண்ணோட பெரியப்பாவ மேடையில வச்சிக்கிட்டா இப்படிப் பண்ணுவ?" என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாய். கோர்ட்டில் எதிர்க்கட்சி வக்கீல்கூட, கேள்வி கேட்டால் பதில் வருகிறவரைக்கும் நிற்பான். அதன்பிறகு எத்தனையோ தடவை கூப்பிட்டுவிட்டேன். மணி அடிக்கிறது, நிற்கிறது. எஸ்.எம்.எஸ்.ஸில் அடக்குகிற சங்கதியும் இல்லை இது. அதனால் எழுதுகிறேன். உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டே, "விடேன், கோவம் ஆறிட்டா அவனே பேசுவான்" என்கிறார். எல்லா வியாதிக்கும் அவரிடம் இருக்கிற மருந்து இது ஒன்றுதான். ஆயுசு முழுக்க பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். ஒரு வரி விட்டுப்போனாலும் விடை தப்பாகிவிடும். ஆகவே விடாமல் எழுதப் போகிறேன், நீயும் விடாமல் படி.

தாத்தாவிடமிருந்தே ஆரம்பிக்கிறேன். நீங்கள் எல்லோரும் சேர்ந்து அவரை வேறு யாரோவாக ஆக்கிக்கொண்டிருக்கிறீர்கள். சுனாமி வந்த வருஷம், அதற்குச் சில மாதம் முன்னால் அவர் போனார். நீ அப்போது இன்ஜினியரிங் கடைசி வருஷம். உனக்குத் தெரிந்ததெல்லாம் ஓய்வு பெற்ற ஹைகோர்ட் ஜட்ஜ், சாய்வு நாற்காலி, பேரனுக்குப் பிஸ்கட். எனக்குத் தெரிந்தவர் வேறு. அவரோடு ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தியது லேசான காரியம் இல்லை. "பால் திரிஞ்சிபோச்சு மாமா" என்று சொல்லிவிட முடியாது. "நீயே பாத்தியா, இல்ல யாராவது சொன்னாங்களா?" என்று ஆரம்பித்துவிடுவார். வாசலுக்கு வருகிற காய்க்காரரிடம் கத்திரிக்காய் என்றைக்குப் பறித்தது, யார் பறித்தது, பறிக்கும்போது அவர் கூட இருந்தாரா என்று குறுக்கு விசாரணை நடக்கும். ஒரு நாள் அந்த மனுஷர் கூடையை இறக்கி வைத்து, "ஐயா, கத்திரிக்காயை நீங்களே வச்சிக்கிங்க, என்னை விட்டுடுங்க" என்று கும்பிட்டார். சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் கடலூர் கோர்ட்டுக்குப் போய் வந்த வக்கீல் அவர். பிறகுதான் சென்னை, ஹைகோர்ட், ஜட்ஜ் எல்லாம். எந்தக் காலத்திலும் காலையில் எழுந்ததும் முதல் வேலை சவரம். முகம் மழமழவென்று இருக்க வேண்டும். நம் பூர்வீக ஊரில், பெண்ணாடத்துக்குப் பக்கத்தில், யார் மீசை வைக்கலாம், யார் வைக்கக்கூடாது என்று ஒரு காலத்தில் சட்டம் வைத்திருந்தார்கள் நம் ஆட்கள். இவர் அதற்காகத்தான் மழித்தாரா என்று நான் ஒரு தடவை கேட்டேன். "மோர் ஒட்டுதும்மா" என்றார். அவ்வளவுதான். வீட்டில் பிரசங்கம் செய்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. அதுதான் இன்னும் எரிச்சல். ஒரு வார்த்தை எழுதி வைத்திருந்தால் இன்றைக்கு நான் இத்தனை பேரிடம் மல்லுக்கட்ட வேண்டியிருக்காது.

பெயர் விஷயமும் அப்படித்தான். என் கல்யாணப் பத்திரிகையை திட்டக்குடியில் என் அப்பா அடித்தார். ஊர் வழக்கப்படி உன் தாத்தாவின் பெயருக்குப் பின்னால் சாதிப் பெயரைப் போட்டுவிட்டார். எங்களுக்கு அது தப்பாகவே தோன்றவில்லை, எல்லோரும் போடுவதுதானே. பத்திரிகைக் கட்டு சிதம்பரம் போன மறுநாளே, உன் தாத்தா அதே கட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி திட்டக்குடி வந்துவிட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். "சம்மந்தி, இதுல மாப்பிள்ளையோட அப்பான்னு யாரோ ஒருத்தர் பேரு போட்டிருக்கு. அவரு யாருங்க?" என்றார். என் அப்பாவுக்குப் புரியவில்லை. "உங்க பேருதாங்க!" "என் பேரு பாதியிலயே முடிஞ்சிடுதுங்க. மீதி யாருது?" என் அப்பா முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் வேறு பத்திரிகை அடித்தார். கல்யாணம் முடிகிறவரைக்கும் சம்மந்தியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் அழுதேன். எப்படிப்பட்ட ஆளுடைய வீட்டுக்குப் போகப் போகிறோம் என்று பயமாகவும் இருந்தது.

போய்ச் சேர்ந்தேன். நீ பிறந்தாய். நீ கைக்குழந்தையாக இருந்தபோதுதான் அந்தப் பாதை வழக்கு வந்தது. இதை உனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். சின்ன வயதில் வாயைப் பிளந்து கேட்டாய். வளர்ந்த பிறகு "ம், ம்" என்றபடி போனை நோண்டினாய். இப்போதாவது கேள். நம் பூர்வீக ஊர் காலனியில் சூசை என்று ஒருவர். கரும்பு வெட்டுகிற வேலை. அவருடைய மனைவி மழைக்காலத்தில் செத்துப்போனாள். காலனிக்காரர்கள் கல்லறைக்குப் போகிற வழி நம் பங்காளியின் வயல் ஓரமாகப் போகும். அது பரம்பரையாக நடந்த வழி. பங்காளி முள்வேலி போட்டு அடைத்துவிட்டார். பொணத்தை வாய்க்காலில் இறக்கி, கழுத்தளவு தண்ணீரில் தூக்கிக்கொண்டு போனார்கள். நடுவில் பெட்டி கை நழுவிவிட்டது. காரியம் முடிந்த கையோடு சூசை சிதம்பரத்துக்கு வந்தார். ஊரில் பிறந்த வக்கீல் ஒருவர் இருக்கிறார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த வக்கீல் வேலி போட்டவருக்குச் சொந்தம் என்பதும் தெரிந்துதான் வந்தார். உன் தாத்தா அவரை உட்கார வைத்து ஒரு மத்தியானம் முழுக்கக் கேள்வி கேட்டார். காய்க்காரரைக் கேட்ட மாதிரியேதான், துருவித் துருவி. கடைசியில் குமாஸ்தாவைக் கூப்பிட்டு வக்காலத்து எழுதச் சொன்னார்.

நம் ஆட்கள் வீட்டுக்கு வந்து பேசிப் பார்த்தார்கள். "மாமா, நீங்க ஆஜராவாதீங்க. வேற எந்த வக்கீலாவது பாத்துக்கட்டும்" என்றார்கள். "வேற வக்கீலுக்கு அந்த வயலு தெரியாதே. நான் அங்க ஆடு மேச்சவன், எனக்குத்தானே தெரியும்" என்றார். கடலூர் கோர்ட்டில் வழக்கு நடந்தது. சொந்தப் பங்காளியைக் கூண்டில் ஏற்றி, "நீ சின்னப் பையனா இருக்கச்சே இந்த வழியில பொணம் போறதப் பாத்திருக்கியா இல்லியா?" என்று கேட்டார். பார்த்திருக்கிறேன் என்று அவர் சொல்லும்படி ஆயிற்று. பாதை திறந்தது. நம் வீட்டு வாசல் அடைபட்டது. பத்திரிகை வராது. சாவுச் சேதி வராது. யாரும் அடித்தோ திட்டியோ விடவில்லை. வராமல் இருந்தார்கள், அவ்வளவுதான். அது எவ்வளவு கனமானது என்று பெங்களூரில் அடுக்குமாடியில் இருக்கிற உனக்குத் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் உனக்குக் காதுகுத்து வைத்தோம். வராமல் போய்விடுவார்களா என்று ஒரு நப்பாசை. வாசலில் பந்தல் போட்டு, பெரிய பாத்திரங்களில் சமைத்து, இலை நறுக்கி வைத்திருந்தோம். கோர்ட் ஆட்கள் கொஞ்சம் பேர், தெருக்காரர்கள் கொஞ்சம் பேர் வந்தார்கள். உறவு என்று ஒருவர் இல்லை. திட்டக்குடியிலிருந்து என் தம்பி வர வேண்டும். தாய்மாமன் மடியில் வைத்துத்தானே காது குத்துவார்கள்? ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்தோம். அவன் வரவில்லை. ஊரில் கட்டுப்பாடு, அவன் அங்கேதான் வாழ வேண்டும், எனக்கும் புரிந்தது. புரிந்தாலும் உள்ளே போய்க் குமுறினேன். பத்தர் ஊசியைத் துடைத்துத் துடைத்து வைக்கிறார். நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது. அப்போது சூசை காலனி ஆட்களோடு வந்து வாசற்படிக்கு வெளியே நின்றார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், உனக்கு ஒரு சட்டை. உன் தாத்தா ஒரு தடவை அவரைப் பார்த்தார், ஒரு தடவை உன்னைப் பார்த்தார். "சூசை, உள்ள வா. உக்காரு. புள்ளைய வாங்கு" என்றார். "ஐயா, நானுங்களா?" என்றார் அவர். "வேற யாரு இருக்கா? நேரமாவுது." உன் அப்பாயி முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. நானே உன்னைத் தூக்கிக்கொண்டு போய் அவர் மடியில் வைத்தேன். அவர் உன்னை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டார். நீ வீறிட்டாய். அவருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலது காது, இடது காது, முடிந்தது. எனக்கும் அழுகைதான். பெருமையில் அழுதேன் என்று இப்போது சொன்னால் நன்றாக இருக்கும். ஆத்திரத்தில்தான் அழுதேன். சமைத்த சோறு பாதிக்குமேல் மிஞ்சிக் கிடந்தது.

இதெல்லாம் பழங்கதை. நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். பிறகு அவர் ஜட்ஜ் ஆனார். ஆனதும் வராதவர்கள் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக வந்துவிட்டார்கள். அவர் யாரையும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. என் தம்பிதான் உன் கல்யாணத்தில் முன்னால் நின்று எல்லாம் செய்யப் போகிறான், நல்லது. ஆனால் அவர் போன பிறகு, நினைவு மண்டபம் என்று ஒன்று வந்தது பார், அதுதான் தலைவலி. முதலில் சின்ன வக்கீல்கள் சில பேர், பார் லைப்ரரியில் ஒரு படம் மாட்டலாம் என்றார்கள். அது அப்படியே கிடந்தது. அப்புறம் நம் ஆட்களின் சங்கம் ஒன்று கிளம்பி, படம் எதற்கு, கடலூரில் கோர்ட் பக்கம் மஞ்சக்குப்பத்திலேயே இடம் வாங்கி மண்டபமும் சிலையும் வைப்போம் என்று ஆரம்பித்தது. தலைவர் ராஜமாணிக்கம், ரைஸ் மில்காரர். தாத்தாவின் போட்டோ வாங்கத்தான் முதலில் நம் வீட்டுக்கு வந்தார். கூடத்தில் உன் போட்டோவைப் பார்த்தார். "பையன் என்னா பண்றாப்ல?" என்று கேட்டார். அவர் தம்பி மகள்தான் நிவேதா. நீங்கள் இருவரும் பார்த்துக்கொண்டீர்கள், பிடித்துப்போயிற்று. எனக்கும் அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்தது. அதனால்தான் ஒவ்வொரு இடத்திலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இது உனக்குத் தெரிய வேண்டும். எடுத்தவுடனே மேடை ஏறி வாய்விட்டவள் இல்லை நான்.

சிலை தயாராகிவிட்டது, வந்து பாருங்கள் என்று கடலூர் பட்டறைக்குக் கூப்பிட்டார் ராஜமாணிக்கம். நானும் உன் அப்பாவும் போனோம். வெண்கல வர்ணம் பூசி ஆள் உயரத்துக்கு மேல் நிறுத்தியிருந்தார்கள். கோட்டு, கழுத்துப்பட்டை, கையில் புத்தகம் எல்லாம் சரி. முகத்தில் முறுக்கிவிட்ட ஒரு பெரிய மீசை! எனக்கு ஒரு நிமிஷம் வேறு யாருடைய சிலையையோ காட்டுகிறார்கள் என்றே தோன்றியது. "இவரு யாருங்க?" என்று கேட்டேன். "என்னா சம்மந்தியம்மா இப்படிக் கேக்குறீங்க, நம்ம ஜட்ஜ் ஐயாதான்." "அவருக்கு மீசை கெடையாதே. நீங்க வாங்கிட்டுப் போன போட்டோவுலயே இல்லியே." அவர் சிரித்தார். "அது போட்டோங்க. இது சிலை. காலத்துக்கும் நிக்கப் போவுது. மீசை இல்லன்னா நம்ம ஆளுன்னு எப்படித் தெரியும்?" பக்கத்தில் கல்வெட்டு சாய்த்து வைத்திருந்தது. அதில் தாத்தாவின் பெயர், அதன் பின்னால் வால் மாதிரி அந்தச் சாதிப் பெயர். நான் திட்டக்குடி பத்திரிகைக் கதையைச் சொன்னேன். "அது அந்தக் காலம். இதுல மாப்ள கதிர்கிட்ட அன்னைக்கே கேட்டுட்டேன். போடுங்கன்னு சொல்லிட்டாரு" என்றார். நான் உன் அப்பாவைப் பார்த்தேன். அவர் சிலையின் செருப்பை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

அன்றைக்கு உனக்குப் போன் செய்தேன், ஞாபகம் இருக்கிறதா? "ஒரு பேருதானேம்மா. நாலெழுத்து. விட்டுடு. அவுங்க செலவு பண்ணி வைக்கிறாங்க, வச்சிட்டுப் போவட்டும்" என்றாய். நாலெழுத்து! அந்த நாலெழுத்து இல்லாமல் இருப்பதற்கு உன் தாத்தா என்ன விலை கொடுத்தார் என்று உனக்கு இத்தனை தடவை சொல்லியும் நீ நாலெழுத்து என்கிறாய். அன்றைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டேன். அழைப்பிதழிலும் வாலோடுதான் அடித்தார்கள். பொறுத்துக்கொண்டேன்.

விழாவுக்கு முந்தின வாரம் வீட்டுக்கு ஒருவர் வந்தார். விருத்தாசலம் பக்கம் பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டராக இருக்கிறாராம், பெயர் ஆரோக்கியசாமி. சூசையின் மகன். தாய் செத்தபோது அந்த வாய்க்காலில் அப்பாவின் பின்னால் நடந்தவர். இப்போது தலை நரைத்துவிட்டது. சிலை திறக்கிறார்கள் என்று பேப்பரில் பார்த்துவிட்டு, அப்பாவைக் கூட்டி வந்து ஒரு மாலை போடட்டுமா என்று சங்கத்தில் கேட்டிருக்கிறார். இடம் பத்தாது, அழைப்பிதழ் உள்ளவர்களுக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்கள். "ஒண்ணும் இல்லைங்கம்மா. விழா முடிஞ்சி எல்லாரும் போன பிறகு, சாயந்தரமா வந்து போட்டுட்டுப் போயிடலாமான்னு கேக்கத்தான் வந்தேன். அப்பாவுக்கு இனிமே ஜாஸ்தி நாள் இல்ல, அதான்" என்றார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. அவர் மீதே எரிந்து விழுந்தேன். "ஏன் சார் எல்லாரும் போன பிறகு வரணும்? நீங்க என்னா திருடவா வர்றீங்க? காலையிலயே வாங்க. நான் இருக்கேன்." பாவம், அவர் பயந்துபோய்த்தான் காபியைக் குடித்தார்.

விழா அன்று காலையில் நல்ல வெயில். ஷாமியானா, பேனர்கள், எல்லாப் பேனரிலும் மீசை வைத்த தாத்தா. ராஜமாணிக்கம் பெரிய மாலையோடு நடுவில் உட்கார்ந்திருந்தார். நிவேதா வீட்டார் முதல் வரிசையில். ஒவ்வொருவராகப் பேச வந்தார்கள். ஒருவர், "நம் இனத்தின் சிங்கம்" என்றார். இன்னொருவர், "நம் மக்களுக்காகவே வாதாடியவர்" என்றார். அந்த நம் மக்கள்தான் அவர் பேரனின் காதுகுத்துக்கு வராதவர்கள். பாதை வழக்கைப் பற்றி ஒரு வாய் பேசவில்லை. உன் அப்பா என் கையை அழுத்திக்கொண்டே இருந்தார். அப்போது பந்தலின் பின்பக்கம் பார்த்தேன். ஒரு வேன் வந்து நின்றது. ஆரோக்கியசாமி தன் அப்பாவைக் கைத்தாங்கலாக இறக்கினார். கூட ஏழெட்டுப் பேர். கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கமே பேட்ஜ் குத்தின ஆட்கள் கையை நீட்டி நிறுத்திவிட்டார்கள். சூசை வெயிலில் மாலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"குடும்பத்தின் சார்பாக, ஐயாவின் மருமகள் சிலையைத் திறந்து வைப்பார்" என்று மைக்கில் கூப்பிட்டார்கள். போனேன். துணியின் கயிற்றைக் கையில் கொடுத்தார்கள். நான் கயிற்றை விட்டுவிட்டு மைக்கைப் பிடித்தேன். "குடும்பத்துல இன்னும் ஒருத்தரு வர வேண்டியிருக்கு. கொஞ்சம் இருங்க" என்றேன். மேடையை விட்டு இறங்கி, நடுவில் இருந்த வழியாகவே நடந்து, பின்னால் போனேன். பேட்ஜ் குத்தினவன் தானாகவே கயிற்றைத் தூக்கிவிட்டான். சூசையின் கையைப் பிடித்தேன். "அம்மா, வேணாம்மா, இங்கியே நிக்கிறேன்" என்றார். "நடங்கண்ணே" என்றேன். அவர் நடை மெதுவாகத்தான் வரும். கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மேடைக்கு வந்து மைக்கில் சொன்னேன்: "இவரு பேரு சூசை. எங்க மாமனாரு இவருக்காகத்தான் சொந்தப் பங்காளிய எதுத்து கேஸு நடத்தினாரு. அதனால எங்க வீட்டு விசேஷத்துக்கு யாரும் வரல. என் பையனுக்குக் காது குத்தறப்ப தாய்மாமன் வரல. இவரு மடியில வச்சித்தான் குத்தினோம். அந்த முறையில இவரு எங்க குடும்பம். இவருதான் தொறக்கணும்." இதுதான் நான் பேசியது. இதற்கு மேல் ஒரு சொல் இல்லை, குறையவும் இல்லை.

சூசை கயிற்றை இழுத்தார். துணி விழுந்தது. கைதட்டலாமா வேண்டாமா என்று தெரியாமல் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் தலையை அண்ணாந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, மைக் பக்கத்தில் இருப்பது தெரியாமல் கேட்டார்: "அம்மா, இது யாரு? ஐயாவுக்கு ஏது மீசை?" பின் வரிசையில் இருந்த சின்ன வக்கீல்கள்தான் முதலில் சிரித்தார்கள். அப்புறம் பந்தலே சிரித்தது. ராஜமாணிக்கத்தின் முகம் எப்படி இருந்தது என்று நான் சொல்ல வேண்டாம். ஆரோக்கியசாமி பதறிப்போய், "அப்பா, சிலையில அப்படி வச்சிட்டாங்கப்பா" என்றார். "வச்சா வச்சிக்கட்டும். மாலையக் குடு" என்றார் சூசை. எட்டவில்லை. காலடியில் வைத்துக் கும்பிட்டார்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைக்காதே. மீசை அப்படியே இருக்கிறது. கல்வெட்டில் வாலும் இருக்கிறது. மண்டபத்தை மறுநாளிலிருந்தே பூட்டு போட்டு வைத்திருக்கிறார்கள், வக்கீல்கள் உட்கார்ந்து படிக்க நாற்காலி வருமாம், எப்போது என்று தெரியாது. ராஜமாணிக்கம் மேடையிலேயே என்னிடம், "என்னா பேசினோம்னு தெரிஞ்சுதான் பேசினீங்களா?" என்று கேட்டுவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். கல்யாணம் என்ன ஆகுமோ என்று எனக்கும் பயம்தான். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. உனக்கு மட்டும்தான் கவலை என்று நினைத்துக்கொள்ளாதே.

இப்போது, நான் எதற்காக இவ்வளவும் எழுதுகிறேனோ அதற்கு வருகிறேன். நேற்று மத்தியானம் நிவேதாவும் அவள் அப்பாவும் நம் வீட்டுக்கு வந்தார்கள். அவர் கலெக்டர் ஆபீஸில் வேலை செய்கிறவர், அண்ணன் எதிரில் உட்காரக்கூட மாட்டார் என்பது உனக்குத் தெரியும். வந்ததும் அந்தப் பெண் நேராக என்னிடம் கேட்டாள்: "அத்தை, மேடையில நீங்க சொன்னது நடந்ததா, நடக்கலியா?" எனக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏம்மா இப்படிக் கேக்குற?" என்றேன். "உங்க பையன் எங்க பெரியப்பாவுக்குப் போன் பண்ணாரு. எங்க அம்மாவுக்கு வயசாயிடுச்சு, ஏதோ ஒளறிட்டாங்க, அப்படியெல்லாம் எதுவும் நடக்கல, மனசுல வச்சிக்காதீங்கன்னு சொல்லியிருக்காரு. பெரியப்பா அதை எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காரு."

கதிர், நீ மன்னிப்புக் கேட்டதைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. அம்மா அவசரப்பட்டுவிட்டாள், வேறு இடத்தில் சொல்லியிருக்கலாம் என்று நீ சொல்லியிருந்தால் அது உன் அபிப்பிராயம், வைத்துக்கொள். நடக்கவே இல்லை என்று எப்படிச் சொன்னாய்? காலேஜில் சேர்ந்ததும் கூட்டாளிகள் கேலி செய்கிறார்கள் என்று கடுக்கனைக் கழற்றினாய். ஓட்டை தூர்ந்துவிட்டது. அதனால் காதே குத்தவில்லை என்று ஆகிவிடுமா? கல்லில் வாலை ஒட்டினவர்கள் எனக்கு யாரோ. அவர்களோடு சண்டை போடலாம். சாட்சியை இல்லை என்று சொன்னவன் நான் பெற்ற பிள்ளை. உன்னோடு எங்கே போய்ச் சண்டை போடுவது? என்னைக் கிழவி ஆக்கினாய், போகட்டும், அது தானாகவே நடக்கிற காரியம்தான். அந்த மனுஷர் உன்னை மடியில் வைத்துப் பிடித்திருந்ததை ஒரு போன் காலில் துடைத்துவிட்டாயே.

நான் எல்லாவற்றையும் நிவேதாவிடம் சொன்னேன். உன் அப்பா அதுவரைக்கும் ஜன்னல் பக்கம் நின்றிருந்தார். திரும்பி, "நடந்துச்சும்மா. நான் பக்கத்துல நின்னேன். புள்ளை காலைப் புடிச்சிக்கிட்டது நான்தான்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரு விஷயத்தில் வாயைத் திறந்து நான் கேட்டது நேற்றுதான். அதற்கு நிவேதா சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதுகிறேன்: "பெரியப்பா கோச்சிக்கிட்டதெல்லாம் பெரிசில்ல அத்தை. அவுங்க அம்மா சொன்னதையே பொய்யின்னு சொன்னவரு, நாளைக்கு நான் ஒண்ணு சொன்னா என்னா சொல்லுவாரு? கல்யாணம் வேணாம்னு நான் சொல்லல. அவரே வந்து எங்கிட்டப் பேசட்டும்." அவள் அப்பா எழுந்து நின்றுகொண்டு, கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். "அண்ணன் இனிமே வரமாட்டாருங்க. அவரு வரலன்னா எங்க பக்கம் பாதி பேரு வரமாட்டாங்க. பந்தி காலியாத்தான் கெடக்கும். உங்களுக்குப் பரவால்லைங்களா?" காலிப் பந்தி எங்களுக்குப் பழக்கம்தான் என்றேன். அவர் சிரித்துவிட்டார். அந்த மனுஷர் சிரித்து நான் பார்த்ததில்லை.

கல்யாணம் ஆகப் போகிற பிள்ளைக்கு அம்மா புத்தி சொல்வது வழக்கம். நானும் சொல்லிவிடுகிறேன். கட்டிக்கப் போகிறவளைக் கேட்காமல் அவள் பெரியப்பாவிடம் சமாதானம் பேசப் போகாதே. சின்ன விஷயம்தானே என்று நீ சொல்லும்போது, அது யாருக்குச் சின்னது என்று ஒரு தடவை யோசி. எங்களையெல்லாம் திருப்திப்படுத்தப் பொய் சொல்லாதே. நாங்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்கிறோம், ஆறிவிடும். உன் அப்பா சொல்வதில் அந்த ஒன்று மட்டும் சரி. ராஜமாணிக்கத்துக்கு நீ மறுபடியும் போன் செய்து, அம்மா சொன்னது நடந்ததுதான் என்று சொல்ல வேண்டும். பக்கத்தில் நின்று உன்னைப் பேச வைக்க எனக்கு வழியில்லை. நீயாகச் செய்தால்தான் உண்டு.

பத்திரிகையை நேற்றே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். தாத்தாவின் பெயர் அவர் பெயரோடு முடிகிறது. முதல் பத்திரிகை சூசை அண்ணன் வீட்டுக்கு. தட்டு, பழம், வெற்றிலை எல்லாம் வைத்து முறையாகத்தான் அழைக்கப் போகிறோம். சனிக்கிழமை காலையில் வண்டி சொல்லியிருக்கிறேன். உன் அப்பா வருகிறார். நிவேதா லீவு சொல்லிவிட்டாள், விடிந்ததும் இங்கே வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். நீ வருவதானால் வெள்ளிக்கிழமை பஸ் பிடி. ஏழு மணிக்குக் கிளம்புகிறோம். உனக்காக வண்டியை நிறுத்தி வைக்கச் சொல்ல மாட்டேன்.

அம்மா